நடந்து போகும் பிள்ளைக்கு வழி விடுங்கள்!

காலை மணி 8½.

தமிழ்நாட்டில் எந்த நகரத்துக்கு வேண்டுமானாலும் போங்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் வாசலில் நின்று பாருங்கள்.

ஸ்கூட்டர்கள் வருகின்றன. அப்பா ஓட்டுகிறார். முன்னால் ஒரு குழந்தை நிற்கிறது. பின்னால் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. ஆட்டோக்கள் வருகின்றன. அவற்றின் இரு பக்கமும் புத்தகப் பைகள் தொங்குகின்றன. வேன் வருகிறது. கார் வருகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து சேருகின்றன. ஹாரன் சத்தம் காதைத் துளைக்கிறது.

அந்த நெரிசலுக்கு நடுவே ஒரு சிறுமி நடந்து வருகிறாள். தம்பியின் கையைப் பிடித்திருக்கிறாள். முதுகில் பை. அவள் நடப்பதற்கு வழி இல்லை. காருக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கிறாள். ஒரு ஸ்கூட்டர் நகர்ந்தால், ஓர் அடி எடுத்து வைக்கிறாள்.

அந்தச் சிறுமியின் வழியை மறித்து நிற்பவர்கள் யார்? லாரிக்காரர்களா? இல்லை. தம் பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேரவேண்டும் என்று வண்டியில் கொண்டுவந்து விடும் பெற்றோர்கள்தான்!

“பிள்ளைகளை நடக்க விடுங்கள். உடம்புக்கு நல்லது” என்கிறார்கள் டாக்டர்கள்.

“நடக்க எங்கே இடம்? லாரியும் பஸ்ஸும் பறக்கிற ரோட்டில் குழந்தையை எப்படி விடுவது?” என்று கேட்கிறார்கள் தாய்மார்கள்.

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். இந்தச் சிக்கல் எப்படி வந்தது? இது தீர வழி உண்டா?

100-க்கு 60 பேர்

முதலில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் பழக்கம் ஒழிந்துவிடவில்லை.

மத்திய அரசாங்கத்தின் புள்ளிவிவர அலுவலகம் 2017-18-ம் ஆண்டில் கல்வியைப் பற்றி ஒரு கணக்கு எடுத்தது. நாடெங்கும் தேர்ந்தெடுத்த வீடுகளுக்குச் சென்று விசாரித்தார்கள். படிக்கிற பிள்ளைகளில் ஏறக்குறைய 100-க்கு 60 பேர் நடந்துதான் போகிறார்கள் என்று தெரிந்தது. ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளே அதிகமாக நடக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் அப்போது கேட்டார்கள். கிராமங்களில் 100-க்கு 93 குடும்பங்களுக்கு 1 கிலோ மீட்டருக்குள் ஆரம்பப் பள்ளி இருக்கிறது. நகரங்களில் 100-க்கு 87 குடும்பங்களுக்கு இருக்கிறது.

அதாவது, சின்னக் குழந்தைகளுக்கான பள்ளிக்கூடம் பெரும்பாலும் நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே நடந்து போகிற பிள்ளைகளும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் சாலை போடுகிறவர்களுக்கும், வண்டி ஓட்டுகிறவர்களுக்கும், பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர்களுக்கும் இந்தப் பிள்ளைகள் கண்ணில் படுவதில்லை. வண்டியில் வந்து இறங்குகிற பிள்ளைகளைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள்.

தூரத்தை நடையால் அளந்த சட்டம்

பள்ளிக்கூடம் எங்கே இருக்கவேண்டும்? இதற்கு நம் நாட்டில் சட்டமே இருக்கிறது.

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை 2009-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றியது. 2010 ஏப்ரல் 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. அதன் விதிகளின்படி, 1 முதல் 5-ம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு 1 கிலோ மீட்டர் நடை தூரத்துக்குள் பள்ளிக்கூடம் இருக்கவேண்டும். 6 முதல் 8-ம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு 3 கிலோ மீட்டருக்குள் இருக்கவேண்டும்.

‘நடை தூரம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பஸ் தூரம் அல்ல. வேன் தூரம் அல்ல. ஒரு குழந்தை தன் காலால் நடந்து போய்ச் சேருகிற தூரம்.

இது புதிய யோசனை அல்ல. காமராஜர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். அந்தக் காலத்தில் சிறு கிராமங்களிலும் ஆரம்பப் பள்ளிகள் திறக்கப்பட்டன. பள்ளிக்கூடம் பிள்ளையைத் தேடி வந்தது. மதிய உணவும் வந்தது. பிள்ளைகள் நடந்து போய்ப் படித்தார்கள்.

2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டமும் மதுரையில் தொடங்கியது. மறு ஆண்டு மாநிலம் முழுவதும் உள்ள அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு அது பரவியது. வகுப்பு தொடங்குவதற்கு முன்பே பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பொங்கலும் உப்புமாவும் கிடைக்கிறது. அந்தத் தட்டு வரைக்கும் நடந்து போகிற வழியைப் பற்றி மட்டும் நாம் யோசிக்கவில்லை.

பிறகு ஏன் வண்டி?

பள்ளிக்கூடம் அருகில் இருந்தும், பிள்ளைகள் வண்டியில் போவதற்குக் காரணம் என்ன?

முதல் காரணம், பெற்றோரின் விருப்பம். தெருக்கோடியில் அரசாங்கப் பள்ளி இருக்கிறது. ஆனால் பிள்ளை 8 கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். அங்கே நடந்து போக முடியாது. வேன் வேண்டும். இதற்காகப் பெற்றோரைக் குறை சொல்வது சரியல்ல. பிள்ளை முன்னுக்கு வரவேண்டும் என்றுதான் அவர்கள் வயிற்றைக் கட்டிப் பணம் கட்டுகிறார்கள்.

இரண்டாவது காரணம், நேரம். அப்பாவும் வேலைக்குப் போகிறார். அம்மாவும் வேலைக்குப் போகிறார். போகிற வழியில் குழந்தையை இறக்கிவிட்டால் ஒரு வேலை முடிந்தது.

மூன்றாவது காரணம், பயம். இதுதான் பெரிய காரணம். இந்தப் பயம் ஒரு சக்கரம் போலச் சுற்றுகிறது.

சாலையில் வண்டிகள் அதிகம். அதனால் பிள்ளையை நடக்க விடப் பயம். பயந்து வண்டியில் அனுப்புகிறார்கள். அதனால் சாலையில் வண்டிகள் இன்னும் அதிகம். அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரரும் பயப்படுகிறார். அவரும் ஒரு வண்டியைச் சாலையில் இறக்குகிறார். வண்டி வாங்க வசதி இல்லாதவரின் பிள்ளை, இத்தனை வண்டிகளுக்கும் நடுவில் நடக்கிறது!

இங்கிலாந்து தந்த பாடம்

இந்தச் சக்கரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வேறு நாடுகள் முன்பே பார்த்துவிட்டன.

இங்கிலாந்தில் 1971-ம் ஆண்டில் ஒரு கணக்கு எடுத்தார்கள். 7, 8 வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 80 பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்கூடம் போனார்கள். 1990-ல் மறுபடியும் கணக்கு எடுத்தார்கள். 100-க்கு 9 பேர்தான் அப்படிப் போனார்கள். 19 ஆண்டுகளில் இவ்வளவு மாறுதல்!

அதே ஆண்டுகளில், இங்கிலாந்தில் சாலை விபத்தில் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. “பார்த்தீர்களா! எங்கள் சாலைகள் பத்திரமாகிவிட்டன” என்று அதிகாரிகள் பெருமைப்பட்டார்கள்.

மேயர் ஹில்மன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சாலை பத்திரமாகவில்லை, பிள்ளைகள்தான் சாலையிலிருந்து வீட்டுக்குள் போய்விட்டார்கள் என்று அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். புலி இருக்கிற காட்டுக்கு யாரும் போகாவிட்டால், புலி யாரையும் அடிக்காது. அதற்காகப் புலி சாதுவாகிவிட்டது என்று சொல்ல முடியுமா?

அமெரிக்காவின் கதையும் இதுதான். 1969-ல் 5 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளில் 100-க்கு 48 பேர் நடந்தோ, சைக்கிளிலோ பள்ளிக்கூடம் போனார்கள். 2009-ல் அது 13 ஆகிவிட்டது. நடக்கும் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவதற்காக, அந்த நாட்டு அரசாங்கம் 2005-ல் ஒரு திட்டம் போட்டுப் பணம் ஒதுக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் இன்னும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் நடக்கிறார்கள். அவர்கள் சுமந்துகொண்டிருக்கும் இந்தப் பழக்கத்தை இழந்துவிட்டுப் பிறகு தேடுவதைவிட, இப்போதே காப்பாற்றிக்கொள்வது சுலபம்.

நடந்தால் என்ன லாபம்?

5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு அசைய ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இன்றைய பிள்ளைக்கு அந்த நேரம் எங்கே கிடைக்கிறது? பள்ளிக்கூடம் விட்டால் டியூஷன். டியூஷன் விட்டால் செல்போன்.

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் 1 கிலோ மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறு குழந்தை நடக்க 15 முதல் 20 நிமிடம் ஆகும். போக, வர அரை மணிக்கு மேல். தேவையில் பாதி, செலவில்லாமல் வந்து சேர்ந்துவிட்டது. மைதானம் வேண்டாம். கட்டணம் வேண்டாம்.

படிப்புக்கும் லாபம் உண்டு. டென்மார்க்கில் 2012-ல் சுமார் 20,000 மாணவர்களைப் பரிசோதித்தார்கள். நடந்தும் சைக்கிளிலும் வந்த பிள்ளைகள், வண்டியில் வந்த பிள்ளைகளைவிடப் பாடத்தில் நன்றாகக் கவனம் செலுத்தினார்கள்.

கண்ணுக்கும் நல்லது. பகல் வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்று கண் டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள்.

இன்னொரு லாபத்தைத் தராசில் நிறுக்க முடியாது. நடந்து போகிற பிள்ளைக்கு ஊர் தெரியும். மளிகைக் கடைக்காரரைத் தெரியும். பூக்காரப் பாட்டியைத் தெரியும். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்தத் தெருவில் மழைத் தண்ணீர் நிற்கும் என்று தெரியும். வழியில் ஒரு கஷ்டம் என்றால், யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும்.

தாய்மார்களின் பயம் பொய்யல்ல

இவ்வளவு லாபம் இருந்தாலும், பயத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. கணக்கு அப்படி இருக்கிறது.

2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அதாவது, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 90 பேர். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடுதான்: 64,105 விபத்துகள்!

குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஏன்? குழந்தை குள்ளம். நிற்கிற காருக்குப் பின்னாலிருந்து வரும்போது, டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. தூரத்தில் வருகிற வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணக்கிட, சிறு பிள்ளைகளுக்குத் தெரியாது. பந்து ஓடினால் பின்னால் ஓடும். நண்பன் கூப்பிட்டால் அந்தப் பக்கம் பாயும். அது குழந்தையின் குற்றம் அல்ல. அதன் வயது அப்படி.

ஆகவே, வண்டியின் வேகத்தைக் குறைப்பதுதான் வழி. இதற்கு ஒரு சின்னக் கணக்கு:

மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் கார் முன்னால் ஒரு குழந்தை ஓடி வருகிறது. டிரைவர் பார்த்து, பிரேக்கில் கால் வைப்பதற்கே ஒரு விநாடி ஆகிறது. அதற்குள் கார் 14 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகும் ஓடித்தான் நிற்கும். மொத்தம் சுமார் 28 மீட்டர். காய்ந்த சாலையில், நல்ல பிரேக் இருந்தால் இந்தக் கணக்கு.

அதே கார் 30 கிலோ மீட்டர் வேகத்தில் வந்தால்? சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும்.

15 மீட்டர் தூரத்தில் ஒரு குழந்தை குறுக்கே வந்தால், 30-ல் வந்த கார் குழந்தைக்கு முன்னால் நிற்கும். 50-ல் வந்த கார் பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே குழந்தையின் மீது மோதிவிடும். அதனால்தான், மக்களும் வண்டிகளும் கலந்து போகும் தெருக்களில் 30 கிலோ மீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று 2020-ல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலக மகாநாடு சொன்னது.

வண்டியில் போனால் பத்திரமா?

“அப்படியானால் வண்டியில் அனுப்புவதே மேல்” என்று சிலர் நினைக்கலாம். அதுவும் முழு உண்மை அல்ல.

2012-ல் சென்னைக்கு அருகே, பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி கீழே விழுந்து இறந்தாள். நாடே பதறிற்று. அந்த ஆண்டே தமிழ்நாட்டில் பள்ளி பஸ்களுக்கென்று தனி விதிகள் வந்தன.

மோட்டார் சைக்கிளில் போகும் சிறு குழந்தைகளுக்கும் மத்திய அரசாங்கம் 2022-ல் விதி வகுத்தது. 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட் வேண்டும். ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் வார்ப்பட்டை வேண்டும். வண்டி 40 கிலோ மீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. எத்தனை வீடுகளில் இது நடக்கிறது? அப்பா தலையில் ஹெல்மெட் இருக்கிறது. பிள்ளை தலையில் இல்லை.

நடந்தாலும் ஆபத்து, வண்டியில் போனாலும் ஆபத்து. ஆகையால், எதில் அனுப்புவது என்று மட்டும் யோசித்தால் போதாது. பள்ளிக்கூடத்து வழியையே பத்திரமாக்க வேண்டும்.

ஜப்பான் பிள்ளைகள்

இதைச் செய்து காட்டிய நாடுகள் இருக்கின்றன.

ஜப்பானில் ஆறு வயதுக் குழந்தை நடந்து பள்ளிக்கூடம் போவது சாதாரணக் காட்சி. அங்கே எந்தத் தெருப் பிள்ளை எந்த ஆரம்பப் பள்ளிக்குப் போகவேண்டும் என்று நகராட்சியே வரையறுத்திருக்கிறது. அதனால் பள்ளிக்கூடம் நடை தூரத்தில் இருக்கிறது. எந்த வழியாக வரவேண்டும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறார்கள். பல ஊர்களில் ஒரே தெருப் பிள்ளைகள் காலையில் ஓரிடத்தில் கூடுவார்கள். வரிசையாகக் கிளம்புவார்கள். பெரிய வகுப்புப் பையன் முன்னால் போவான். சின்னப் பிள்ளைகள் தூரத்திலிருந்தே தெரியும்படி மஞ்சள் தொப்பி அணிந்திருப்பார்கள். சாலையைக் கடக்கிற இடத்தில், தெருவில் உள்ள பெரியவர்கள் கையில் கொடியுடன் நிற்பார்கள்.

இவ்வளவு ஒழுங்கு இருந்தும், ஒரு கொடுமை நடந்தது. 2021 ஜூனில் யாச்சிமாதா என்ற ஊரில், குடித்துவிட்டு லாரி ஓட்டிய ஒருவர் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் மீது மோதினார். இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அந்தச் சாலையில் நடைபாதை இல்லை.

பிள்ளைகள் வரிசையாகத்தான் போனார்கள். அவர்கள் மீது ஒரு தவறும் இல்லை. பிள்ளைக்கு ஒழுங்கு கற்றுக்கொடுப்பது மட்டும் போதாது என்பதை அந்த நாடு அன்று உணர்ந்தது. நாடு முழுவதும் பள்ளிக்கூடத்து வழிகளைச் சோதனை போட்டார்கள்.

டென்மார்க்கில் ஓடென்சே என்று ஒரு நகரம். 1970-களில் டென்மார்க்கில் குழந்தைகள் சாலை விபத்தில் சாவது மிக அதிகமாக இருந்தது. அந்த நகரத்தார் என்ன செய்தார்கள்? எந்த இடத்தில் ஆபத்து என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் குறித்தார்கள். அந்த இடங்களைச் சரி செய்தார்கள். நடப்பதற்கும் சைக்கிளுக்கும் தனிப் பாதை போட்டார்கள். விபத்து குறைந்தது. மற்ற நாடுகள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டன.

நம் நடைபாதை எங்கே?

நம் ஊர்களில் நடைபாதையே இல்லை என்று சொல்ல முடியாது. பல இடங்களில் இருக்கிறது. ஆனால் அதன் மேல் மின்சாரப் பெட்டி இருக்கிறது. டீக்கடை பெஞ்சு இருக்கிறது. மோட்டார் சைக்கிள் நிற்கிறது. கட்சிக் கொடிக்கம்பம் இருக்கிறது. அவ்வளவுக்கும் பிறகு இடம் மிஞ்சினால், அங்கே மூடி இல்லாத சாக்கடை இருக்கிறது. பிள்ளை சாலையில் இறங்கித்தான் நடக்கிறது.

சென்னை மாநகராட்சி 2014-ல் ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான பணத்தில் 100-க்கு 60 ரூபாயை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவிடவேண்டும் என்பது அந்தக் கொள்கை. சில சாலைகளில் அகலமான நடைபாதைகள் வந்தன. 2019-ல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடப்பவர்களுக்கென்று தாராளமாக இடம் விட்டார்கள். கடைத்தெருவுக்குச் செய்ததைப் பள்ளிக்கூடத் தெருவுக்கும் செய்யலாம் அல்லவா?

2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டும் பேசிவிட்டது. நல்ல நடைபாதை என்பது, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆக்கிரமிப்பு இல்லாத நடைபாதைக்கு வழி செய்யும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டார்கள்.

ஆகவே, நடைபாதை கேட்பது சலுகை கேட்பது அல்ல. “எங்கள் பள்ளிக்கூடத் தெருவுக்கு நடைபாதை வேண்டும்” என்று மனு எழுதும் தாய், தன் உரிமையைக் கேட்கிறாள்.

எல்லாரும் நடக்க வேண்டுமா?

நடப்பது நல்லது என்பதற்காக, எல்லாப் பிள்ளையையும் எவ்வளவு தூரமும் நடக்கச் சொல்வது கொடுமை.

மேலே சொன்ன 2017-18 கணக்கையே பாருங்கள். 1 கிலோ மீட்டருக்குள் உயர்நிலைப் பள்ளி இருப்பது, கிராமங்களில் 100-க்கு 38 குடும்பங்களுக்குத்தான். 4, 5 கிலோ மீட்டர் நடந்து போகிற பெண், வீட்டுக்கு வரும்போது இருட்டிவிடும். வழியில் கேலி செய்கிறவர்கள் இருப்பார்கள். “படித்தது போதும்” என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். நடை அவளுக்கு ஆரோக்கியம் அல்ல. படிப்புக்கு வந்த தடை.

அங்கே சைக்கிள் வேண்டும், பஸ் வேண்டும். பீகாரில் 2006-ல் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 100-க்கு 30-க்கு மேல் உயர்ந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். பள்ளிக்கூடம் தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். தமிழ்நாட்டிலும் மாணவர்களுக்கு இலவச சைக்கிளும், இலவச பஸ் பாஸும் உண்டு. பஸ் நேரத்துக்கு வரவேண்டும். பிள்ளைகளைக் கண்டால் நிற்கவேண்டும். அது டிரைவர், கண்டக்டர் கையில் இருக்கிறது.

புத்தகப் பையையும் பார்க்க வேண்டும். பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கக் கூடாது என்று மத்திய அரசாங்கத்தின் 2020-ம் ஆண்டுக் கொள்கை சொல்கிறது. 20 கிலோ உள்ள குழந்தைக்கு 2 கிலோ பை. அதற்கு மேல் கல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எந்தக் குழந்தை நடக்கும்?

என்ன செய்யலாம்?

சட்டமும் கோர்ட்டும் ஒரு பக்கம் இருக்கட்டும். பெரிய பணம் இல்லாமல் நாமே தொடங்கக் கூடிய காரியங்கள் இருக்கின்றன.

1. ஒரே தெருவில் உள்ள நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புங்கள். ஒரு நாள் ஒரு வீட்டுப் பெரியவர் உடன் போகட்டும். அடுத்த நாள் அடுத்த வீட்டுத் தாத்தா போகட்டும். ஐந்து வீடு சேர்ந்தால், ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வேலை.

2. தனியாகப் போக ஏழு வயதா, பத்து வயதா என்று அடுத்த வீட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிள்ளை எங்கே நிற்கிறது, எப்படிப் பார்க்கிறது, எங்கே ஓடுகிறது என்று உடன் நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

3. வண்டியில்தான் கொண்டுவிட வேண்டும் என்றால், பள்ளிக்கூட வாசலுக்கு 200, 300 அடி தள்ளி நிறுத்துங்கள். அங்கிருந்து பிள்ளையை இறக்கி நடத்திக் கூட்டிப் போங்கள். இது ஒன்று நடந்தாலே வாசலில் பாதி நெரிசல் தீர்ந்துவிடும்.

4. பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர்கள், நடந்து வரும் பிள்ளைகளுக்குத் தனி வாசல் திறந்துவிட வேண்டும். முடியாவிட்டால், மாலையில் அவர்களை 10 நிமிடம் முன்னால் விடலாம். வண்டிகள் அதற்குப் பிறகு கிளம்பட்டும்.

5. ஊராட்சியும் நகராட்சியும் பள்ளிக்கூடத்தைச் சுற்றி வேகத்தடை, வெள்ளைக் கோடு, விளக்கு, சாக்கடை மூடி இவற்றை முதலில் செய்யவேண்டும். ஊர் முழுவதும் ஒரே நாளில் முடியாது. பள்ளிக்கூடத்தைச் சுற்றி அரை கிலோ மீட்டர் முடியும்.

6. போலீஸ்காரர் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி பள்ளிக்கூட முனையில் நின்றால் போதும். ஆள் இல்லாத இடத்தில் ஊர்ப் பெரியவர்கள் கொடி பிடித்து நிற்கலாம்.

7. வண்டி ஓட்டுகிறவர்கள், பள்ளிக்கூடம் என்ற பலகையைக் கண்டவுடன் வேகத்தைக் குறைக்க வேண்டும். 30 கிலோ மீட்டரில் போனால், அரை கிலோ மீட்டருக்கு அரை நிமிடம்கூட அதிகம் ஆகாது.

இவற்றோடு ஒரு மனமாற்றமும் தேவை. நடந்து வருகிற பிள்ளையை “பாவம், வசதி இல்லை” என்று பார்க்கிற பழக்கம் நம்மிடம் வந்துவிட்டது. பிள்ளைகளுக்குள்ளும் அந்தப் பேச்சு இருக்கிறது. காரில் வருகிறவன் பெரியவன். நடந்து வருகிறவன் சின்னவன். இந்த எண்ணத்தை வீட்டில்தான் மாற்ற முடியும். வண்டி இருந்தும் பிள்ளையோடு நடந்து போகிற அப்பா ஒருவர், ஒரு தெருவையே மாற்றிவிடுவார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. மாலையில் வெயில் தணிந்ததும், உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் ஒரு முறை நடந்து பாருங்கள். எந்த இடத்தில் பயமாக இருக்கிறது என்று பிள்ளையையே கேளுங்கள். அது சொல்லும். அந்த இடங்களை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். நாளைக் காலையில் அந்தக் காகிதத்தை உங்கள் கவுன்சிலரிடமோ, ஊராட்சித் தலைவரிடமோ கொண்டுபோய்க் கொடுங்கள்.